சோனகதெரு, பறங்கித்தெரு, லாசப்பல்: யாழ்ப்பாணத்தில் பெயர் தேடி

புதன், நல்லூர்

சென்னையிலிருந்து பலாலிக்கு வரும் விமானம் சின்னது. மேகத்துக்கு மேலே போய்ச் சற்று நேரத்தில் இறங்கத் தொடங்கிவிடுகிறது. ஜன்னலில் முதலில் தெரிந்தது கடல் நுரை, அப்புறம் சிவப்பு மண், அப்புறம் பனை. வெளியே வந்து ஓட்டோ பிடித்து நல்லூருக்கு வந்தேன். அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை இங்கே இருக்கிறார். மாமி என்று கூப்பிடுகிறேன். படலையைத் திறந்ததும் "வா பிள்ளை, களைச்சுப் போய் வந்திருப்பாய்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

இந்தப் பயணம் எதற்கு என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் என்ற பகுதியில் பிறந்து வளர்ந்தவள் நான். தாத்தா யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்து, மலாயா ரயில்வேயில் கிளார்க் வேலைக்குப் போனவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிருந்து அப்படிப் போனவர்கள் நிறையப் பேர். ரயில் பட்டறையும் குவார்ட்டர்ஸும் பிரிக்பீல்ட்ஸில் இருந்ததால் அங்கே குடியேறினார்கள். ஸ்காட் ரோட்டில் கந்தசுவாமி கோயிலைக் கட்டினார்கள், நல்லூரை மனதில் வைத்து.

2010 அக்டோபரில் மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் சேர்ந்து பிரிக்பீல்ட்ஸை 'லிட்டில் இந்தியா' என்று திறந்து வைத்தார்கள். தெருவுக்கு மேலே வளைவுகள் வந்தன, நீரூற்று வந்தது. பூக்கடைகளுக்கும் துணிக்கடைகளுக்கும் வியாபாரம் கூடியது. அதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் சீக்கியரும் உழைத்த இடத்துக்கு அரசாங்கமே ஒரு பெயர் தருவது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் அந்த வளைவைக் கடக்கும்போதெல்லாம் தாத்தாவின் தலைமுறை அந்தப் பெயருக்குள் எங்கே இருக்கிறது என்று மனம் தேடும். அவர்களை ஊரில் சிலோன்காரர் என்பார்கள். இந்தியா என்று எழுதிய பலகையில் அவர்கள் தெரிவதில்லை.

ஒரு நகரம், வந்து குடியேறியவர்களின் பெயரைத் தன் தெருவுக்கு வைக்கும்போது அவர்களுக்கு என்ன கொடுக்கிறது? இந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்தில் வைத்து யோசிக்க ஆசைப்பட்டேன். வந்தவர்களின் பெயரைப் பல நூற்றாண்டாகத் தெருவில் வைத்திருக்கும் ஊர் இது.

இன்று வேறு எதுவும் இல்லை. மாலையில் கோயில் மணி கேட்டது. மாமி சுட்ட தோசையும் சம்பலும். நல்ல தூக்கம் வரும்.

வியாழன், பட்டணம்

காலையில் கோட்டையிலிருந்து தொடங்கினேன். போர்த்துக்கேயர் 1619-இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்து இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். 1658-இல் ஒல்லாந்தர் அவர்களை விரட்டிவிட்டுப் பெரிதாகக் கட்டினார்கள். 1795-இல் ஆங்கிலேயர் வந்தார்கள். கோட்டைக்குக் கிழக்கே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நேரான தெருக்களைப் பார்த்தால், இந்த ஊரின் மற்ற ஒழுங்கைகளோடு அவை சேரவில்லை என்பது உடனே தெரியும். மற்ற இடங்களில் ஒழுங்கை வளைந்து நெளிந்து, இருபக்கமும் வேலி, உள்ளே வளவு. இங்கே அளவெடுத்துக் கோடு போட்ட தெருக்கள், முதலாம் குறுக்குத்தெரு, இரண்டாம் குறுக்குத்தெரு என்று. ஐரோப்பியரும் அவர்கள் வழிவந்தவர்களும் குடியிருந்த இந்தப் பகுதியைத்தான் ஊர் பறங்கித்தெரு என்றது.

ஓடு போட்ட பழைய வீடு ஒன்றின் முன்னால் நின்று படம் எடுத்தேன். தூண்கள் வைத்த விறாந்தை, பாதி இடிந்த சுவர். எதிர்க்கடையில் இருந்த பெரியவர் "அது பறங்கியற்ற வீடு, பிள்ளை. அவையள் எல்லாம் எப்பவோ போட்டினம்" என்றார். சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கைப் பறங்கியரில் பெரும்பகுதியினர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். மெல்பேர்ணில் அவர்களுக்குச் சங்கங்கள் இருக்கின்றன. இங்கே தெருப் பெயர் மட்டும் வயதானவர்கள் வாயில் இருக்கிறது.

அங்கிருந்து வண்ணார்பண்ணைப் பக்கம். ஒல்லாந்தர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் வைத்திலிங்கச் செட்டியார் கட்டிய வைத்தீஸ்வரன் கோயில் இங்கே இருக்கிறது. இந்தியக் கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்த செட்டிக் குடும்பம். இந்துக் கோயில் கட்டுவதே கடினமாக இருந்த காலத்தில் ஒல்லாந்தரோடு இருந்த வியாபார உறவால் அனுமதி பெற்றார்கள் என்று சொல்வார்கள். செட்டித்தெரு என்ற பெயரும் இந்த ஊரில் உண்டு. காங்கேசன்துறை வீதியில் போனால் தட்டாதெருச் சந்தி, பொற்கொல்லர் இருந்த இடம். பஸ் கண்டக்டர் "தட்டாதெரு இறங்கு" என்று கத்தும்போது யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை.

இந்தப் பெயர்கள் எல்லாமே மரியாதையோடு வந்தவை அல்ல என்பதையும் எழுத வேண்டும். தொழிலையும் சாதியையும் சுட்டிய குறிச்சிப் பெயர்கள் பல, அங்கே வாழ்ந்தவர்கள் தாங்களாக வைத்துக்கொண்டவை அல்ல. மேலே இருந்தவர்கள் கூப்பிட்டார்கள், அது ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரை முகவரியில் எழுதவே விரும்பாத பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அதனால் ஒரு சமூகத்தின் பெயர் தெருவில் இருப்பதாலேயே அது கௌரவம் என்று நான் சொல்லமாட்டேன். யார் வைத்தார்கள் என்று முதலில் கேட்பேன்.

மதியம் சந்தைக்குப் பக்கத்தில் மலாயன் கபே. பளிங்கு மேசை, வாழை இலை, சுவரில் சுவாமி படங்கள். மலாயாவுக்குப் போய் உழைத்து, பென்சனோடு திரும்பி வந்து கல்வீடு கட்டியவர்களை இந்த ஊரில் மலாயன் பென்சனியர் என்பார்கள். எங்கள் குடும்பத்திலேயே இருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பெயர் இல்லை என்று மனத்தாங்கலோடு வந்தவளுக்கு, யாழ்ப்பாணத்தின் நடுவில் மலாயாவின் பெயரில் ஒரு கடை சோறு போட்டது. வடையும் பிளேன்டீயும் இன்னொரு தரம் சொல்லிச் சாப்பிட்டேன்.

வெள்ளி, சோனகதெரு

இன்றைய குறிப்பு நீளமாக இருக்கும். இந்தப் பயணத்தில் நான் மிகவும் பார்க்க நினைத்த இடம் இதுதான். சோனகர் என்று இந்த ஊரில் முஸ்லிம்களைச் சொல்வார்கள்.

ஓட்டோக்காரத் தம்பியிடம் "சோனகதெரு" என்றேன். "ஐஞ்சு சந்தியில விடட்டோ அக்கா?" என்று கேட்டார். பட்டணத்திலிருந்து சில நிமிஷம்தான். மானிப்பாய் வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் ஆசாத் வீதி, முஸ்லிம் கல்லூரி வீதி. பள்ளிவாசல்கள். ஒஸ்மானியாக் கல்லூரி. சில ஒழுங்கைகளில் புதிதாக வெள்ளை அடித்த வீடுகள். அதே ஒழுங்கையில் கூரை இல்லாத சுவர்கள், உள்ளே மரம் முளைத்து, கதவு நிலை மட்டும் நிற்கிறது.

சோனகதெரு வெறும் பேச்சுப் பெயர் அல்ல. அரசாங்கப் பதிவிலும் அதுதான் பெயர். கிராம சேவகர் பிரிவுகளின் பட்டியலில் சோனகதெரு வடக்கு, சோனகதெரு தெற்கு, புதிய சோனகதெரு என்று இருக்கிறது. தேர்தல் அட்டை, அடையாள அட்டை, காணி உறுதி (நிலப் பத்திரம்) என்று எல்லாவற்றிலும் போகும் பெயர். வெளிநாட்டு நகரங்களில் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்து ஒரு சமூகம் கேட்டுப் பெறுகிற அந்த அங்கீகாரம் இங்கே எப்போதோ கிடைத்துவிட்டது. இங்கு பல நூற்றாண்டாக வாழ்கிறவர்களை 'வந்தவர்கள்' என்று எழுதவே எனக்குக் கை வரவில்லை. இலங்கையின் சிவில் சேவைக்குத் தேர்வான முதல் முஸ்லிம் ஏ. எம். ஏ. அசீஸ் 1911-இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். தைக்கிறவர்களும் இரும்புக்கடைக்காரர்களும் லொறிக்காரர்களுமாக இந்தப் பட்டணத்தின் அன்றாட வேலையில் பாதி இவர்கள் கையில் இருந்தது.

1990 அக்டோபர் 30. விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். உடுத்த உடுப்பும் கையில் சில நூறு ரூபாயும்தான் கொண்டுபோகலாம். நகை, பணம், பத்திரம், சைக்கிள்கூட வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலும் இருந்து இப்படி விரட்டப்பட்ட முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர். பெரும்பாலானவர்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் அகதிகளாகத் தொடங்கினார்கள். தமிழர், தமிழ் பேசும் முஸ்லிம்களுக்குச் செய்தது இது. மலேசியாவில் நாங்கள் எங்கள் துயரங்களைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இதைப் பற்றிப் போதுமான அளவு பேசியதே இல்லை. அதனால்தான் தேதியோடு எழுதுகிறேன்.

ஒரு சின்ன சாமான் கடையில் தண்ணீர்ப் போத்தல் வாங்கப்போய்ப் பேச்சு வளர்ந்தது. கடைக்கார நானாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஜும்மாவுக்குக் கடை பூட்ட இன்னும் நேரம் இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு "இருங்க தங்கச்சி, வெயில் கடுமையா இருக்கு" என்றார்.

விரட்டப்பட்டபோது அவர் பள்ளிக்கூடப் பையன். புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே கல்யாணம் செய்து, 2009-இல் போர் முடிந்த பிறகு திரும்பி வந்திருக்கிறார். மூத்த மகள் புத்தளத்தில் கட்டிக்கொடுத்து அங்கேயே இருக்கிறாள். "பிள்ளைகளுக்கு அதுதான் ஊர். அங்க பிறந்தாங்க, அங்க படிச்சாங்க. நான் இங்க வந்து படுத்தாத்தான் நித்திரை வருது" என்றார்.

நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "இருபது வருஷம் இங்கே நீங்கள் யாரும் இல்லாதபோதும் இந்த இடத்தின் பெயர் சோனகதெருதானே, நானா?"

"பேர் எங்க போகும்? பஸ்காரனும் சோனகதெரு எண்டான், கடிதமும் சோனகதெரு எண்டு வந்திருக்கும். ஆள்தான் இல்ல." சிறிது நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். "புத்தளத்துல எங்கட வாப்பா கடைசி வரைக்கும் விலாசம் கேட்டா சோனகதெரு எண்டுதான் சொல்லுவார். அகதி முகாமில இருந்துகொண்டு."

இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

திரும்பி வந்தவர்களின் சிக்கல்களை அவர் சொல்லிக்கொண்டே போனார். வீடு இடிந்துவிட்டது. கட்டுவதற்கு உதவி கேட்டால், புத்தளத்தில் பதிவு இருக்கிறதே என்ற கேள்வி. இங்கே பதிவை மாற்றினால் நிரந்தரமாகக் குடியிருக்கிறாயா என்ற கேள்வி. இருக்க வீடு இல்லாமல் எப்படி நிரந்தரமாகக் குடியிருப்பது? ஒரு வளவு மூன்று தலைமுறையாகப் பிரிந்து பத்துப் பதினைந்து வாரிசுகள் ஆகிவிட்டது. யார் கட்டுவது, யார் கையெழுத்துப் போடுவது? சிலர் நம்பிக்கை விட்டு விற்றுவிட்டார்கள்.

ஒரு சமூகத்தின் பெயர் அரச பதிவில் இருந்தும் அது அவர்களை இரண்டு மணி நேரம்கூடப் பாதுகாக்கவில்லை. அதே பெயர், முகாமில் கிடந்த ஒரு மனிதர் தான் எங்கிருந்து வந்தவர் என்று சொல்வதற்குக் கடைசி வரை இருந்த ஒரே ஆதாரமாகவும் இருந்திருக்கிறது. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் இனி நான் எந்த நகரத்துப் பெயர்ப் பலகையையும் பார்க்கப் போகிறேன்.

எழுந்தபோது காசு வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தேன்.

சனி, மாமி வீட்டு விறாந்தை

காலை முழுவதும் மழை. எங்கும் போகவில்லை. மாமியின் மூத்த மகன் பாரிஸில் இருக்கிறார். சனிக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுவார். என்னையும் போனில் காட்டினார்கள்.

"மச்சாள், நீங்கள் அங்க தெருப் பேர் பாக்கிறியளாம். இஞ்ச வந்து லாசப்பலைப் பாருங்கோ" என்று சிரித்தார்.

லாசப்பல் என்று யாழ்ப்பாணத்தில் சொன்னால் தெரியாதவர்கள் இல்லை. பாரிஸ் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், லா ஷப்பல் மெட்ரோவை ஒட்டிய தெருக்கள். புடவைக்கடை, நகைக்கடை, கொத்துரொட்டி, மரக்கறிக் கடையில் முருங்கைக்காய். ஆவணி பிறந்தபின் மாணிக்கப் பிள்ளையார் தேர் அந்தத் தெருக்களில் வருகிறது, நடுத்தெருவில் தேங்காய் உடைக்கிறார்கள். வெளியார் அதைக் குட்டி யாழ்ப்பாணம் என்கிறார்கள். ஆனால் தெருமுனையில் நகரசபையின் நீலப் பலகையில் ஃபோபூர் சென் தெனி வீதி என்றுதான் இருக்கிறது. யாழ்ப்பாணம் என்று எங்கும் இல்லை.

"பேர் வேண்டாமோ?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "வேணும் எண்டுதான் மனம் சொல்லுது. ஆனால் கடை வாடகை ஏறிக்கொண்டே போகுது. தமிழ் ஆக்கள் முந்தியே தள்ளித்தான் இருக்கினம், தூரப் புறநகரில. இஞ்ச வாறது சாமான் வாங்க. நாளைக்குப் பேர் வைச்சு, அதைப் பாக்க ஆக்கள் வந்து, வாடகை இன்னும் கூடினால்?"

அவர் பயம் வீண் பயம் அல்ல. மியாமியில் லிட்டில் ஹெயிட்டிக்கு நடந்ததைப் பற்றிப் படித்திருக்கிறேன். ஹெயிட்டியிலிருந்து வந்தவர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த பகுதி. நகர ஆணையம் 2016-இல் அதிகாரபூர்வமாக அந்தப் பெயரையும் எல்லையையும் அறிவித்தது. அதற்கு முன் லெமன் சிட்டி என்ற பழைய பெயர் அழிந்துவிடும் என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். மக்கள் போராடிப் பெற்ற பெயர் அது. ஆனால் அந்தப் பகுதி கடல்மட்டத்திலிருந்து கொஞ்சம் உயரமான நிலம். கரையோரம் விலை ஏறி, வெள்ளப் பயமும் கூடிய நகரத்தில் முதலீட்டாளர்களின் கண் அங்கே திரும்பியது. 2019-இல் மேஜிக் சிட்டி என்ற பெரிய கட்டடத் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. பெயர் கிடைத்த பிறகும் வாடகைக்கு இருந்தவர்கள் வெளியேறிக்கொண்டே இருந்தார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸில் இன்னொரு விதமான சிக்கல். அந்த நகரம் 1999-இல் தாய் டவுன், 2002-இல் லிட்டில் எத்தியோப்பியா என்று வரிசையாகப் பெயர் வைத்தது. அப்புறம் வங்காளதேசத்தவர்கள் லிட்டில் பங்களாதேஷ் கேட்டார்கள். அவர்கள் கேட்ட இடம் கொரியாடவுனுக்குள் வந்தது. கொரியாடவுன் என்ற பெயருக்கு அதுவரை எழுதி வைத்த எல்லையே இல்லை. கொரியர்களும் மனுக் கொடுத்தார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு 2010-இல் கொரியாடவுனுக்கு எல்லை போட்டார்கள், லிட்டில் பங்களாதேஷுக்கு மூன்றாம் தெருவில் நாலு பிளாக் நீளம் கிடைத்தது. 2018-இல் தங்களுக்குத் தனி வட்டார மன்றம் வேண்டும் என்று வங்காளதேசத்தவர் கேட்டபோது வாக்கெடுப்பில் பெரும் வித்தியாசத்தில் தோற்றார்கள். இத்தனைக்கும் அந்தப் பகுதியில் இரண்டு சமூகத்தையும்விட அதிகமாக வாழ்கிறவர்கள் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் பெயர் பலகையில் இல்லை. இதைப் படித்தபோது எனக்கு பிரிக்பீல்ட்ஸ் ஞாபகம்தான் வந்தது.

எனக்குப் பிடித்த வழி நியூயார்க்கில் இருக்கிறது. குயீன்ஸில் ரிச்மண்ட் ஹில் பகுதியில் 101-ஆம் அவெனியூவின் ஒரு நீளத்துக்கு 2020-இல் பஞ்சாப் அவெனியூ என்று கூடுதல் பெயர் கொடுத்தார்கள். மறு ஆண்டு லிபர்டி அவெனியூவில் லிட்டில் கயானா அவெனியூ வந்தது. பழைய பெயரை எடுக்கவில்லை. ஒரே கம்பத்தில் இரண்டு பலகை. தபால்காரருக்குப் பழைய பெயர், தெருவில் உழைக்கிறவர்களுக்கு அவர்கள் பெயர். நாளை மூன்றாவது பலகைக்கும் கம்பத்தில் இடம் இருக்கும்.

லண்டனில் டவர் ஹாம்லெட்ஸில் 2002-இல் தேர்தல் வட்டாரத்தின் பெயரையே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் அண்ட் பங்களாடவுன் என்று வைத்தார்கள். அதுவும் நல்ல யோசனை. வாக்குச்சீட்டில் இருக்கிற பெயர், வெறும் அலங்கார வளைவைவிடக் கனமானது. கனடாவில் மார்க்கமில் புதிதாக வீடுகள் எழும்பிய இடத்தில் வன்னி அவெனியூ என்று ஒரு தெரு இருக்கிறது, பக்கத்திலேயே கராச்சி டிரைவ். அங்கே பிறக்கிற பிள்ளை பள்ளிக்கூடப் படிவத்தில் விலாசத்தை எழுதும்போது வன்னி என்று எழுதும்.

மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பேர் வைக்கிறது பெரிசில்லை பிள்ளை, வைச்ச ஆக்களை இருக்க விடவேணும்" என்றார். அதைச் சொல்லிவிட்டு மழையில் நனைகிற உடுப்பை எடுக்க ஓடினார். அவரும் 1995 ஒக்ரோபரில் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது கையில் ஒரு பையோடு தென்மராட்சிக்கு நடந்தவர்.

ஞாயிறு, சாவகச்சேரி

மாமி அன்று நடந்த வழியில் இன்று பஸ்ஸில் போனேன். சாவகச்சேரிக்குச் சாவகர் (தென்கிழக்காசியாவிலிருந்து வந்தவர்கள்) இருந்த சேரி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தென்கிழக்காசியாவின் தாம்பரலிங்கத்திலிருந்து சந்திரபானு என்ற அரசன் படையோடு இலங்கைக்கு வந்ததை வரலாறு பதிந்திருக்கிறது. தாம்பரலிங்கம் இன்றைய மலாய்த் தீபகற்பத்தில், தாய்லாந்துப் பக்கம். என் நாட்டுக்குப் பக்கத்து மண்ணிலிருந்து வந்தவர்களின் பெயரோடு இங்கே ஓர் ஊர்!

சந்தை நல்ல கூட்டம். பலாப்பழம் இந்தப் பக்கத்தில் பேர் பெற்றது. தேங்காயும் மலிவு. "இந்தப் பேர் எப்படி வந்தது?" என்று பழக்கடை அம்மாவிடம் கேட்டேன். "ஆருக்குத் தெரியும், அது அப்பிடித்தான்" என்றார். சாவகர் வழிவந்தவர்கள் என்று இன்று தனியாக யாரும் இல்லை. கலந்து கரைந்து ஊர்க்காரர்களாகிவிட்டார்கள். யாரும் விரட்டாமல் ஒரு பெயர் ஆளற்றுப் போவதற்கும் சோனகதெருவில் நடந்ததற்கும் உள்ள தூரத்தை நினைத்துக்கொண்டே பழச்சுளையைத் தின்றேன். அதிகம் எழுத ஒன்றும் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது, மதியத்துக்கே திரும்பிவிட்டேன்.

திங்கள், கிளிநொச்சி போய் வந்தது

யாழ்ப்பாணத்தோடு முடிப்பதாகத்தான் இருந்தேன். மாமியின் பக்கத்து வீட்டில் வேலைக்கு வரும் பெண், தன் அம்மா கிளிநொச்சியில் தொண்டமான்நகரில் இருப்பதாகச் சொன்னார். பெயரைக் கேட்டதும் போக வேண்டும் என்று தோன்றிவிட்டது. அவர் அன்று வீட்டுக்குப் போவதாக இருந்ததால் ஏ9 வீதி பஸ்ஸில் சேர்ந்தே போனோம். ஆனையிறவு தாண்டும்போது இருபக்கமும் உப்பளமும் வெட்டவெளியும்.

மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களின் குடும்பங்கள் கிளிநொச்சியில் நிறைய இருக்கின்றன. 1948-இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1958-இலும் 1977-இலும் கலவரத்தில் அடிபட்டு வடக்கே ஓடி வந்தார்கள். காடு வெட்டிக் குடிசை போட்டு, தொண்டமான்நகர், பாரதிபுரம் என்று குடியிருப்புகள் எழும்பின. தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் பெயர். பாரதியின் பெயர். வந்தவர்கள் தங்கள் நெஞ்சில் இருந்த பெயர்களைப் புது மண்ணுக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பயணத்தில் பார்த்த பெயர்களில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்தது இதுதான். யாரோ தூரத்தில் நின்று கூப்பிட்டதில்லை.

அந்த அம்மாவுக்கு எழுபது வயது இருக்கலாம். பேச்சில் யாழ்ப்பாணம் இல்லை, மலைநாடுதான். "வாங்கம்மா, உள்ள வாங்க. பொண்ணு போன்ல சொல்லிச்சு" என்று பாய் போட்டார். 1977-க்குப் பிறகு கணவரோடும் கைக்குழந்தையோடும் வந்தவர். கிணறு வெட்டியது, பாம்புக்குப் பயந்து விளக்கு அணைக்காமல் தூங்கியது, 2009-இல் மறுபடியும் எல்லாவற்றையும் விட்டு ஓடியது, மெனிக் பாம் அகதி முகாம், திரும்பி வந்தது. எல்லாம் சொன்னார்.

ஊர்ப் பெயரைப் பற்றிக் கேட்டேன். "பேரு நல்ல பேருதான். ஆனா இந்தக் காணிக்கு உறுதி இல்லம்மா. பெர்மிட்டு தர்றேன்னு எழுதிட்டுப் போவாங்க. அடுத்த எலெக்ஷனுக்கு மறுபடி எழுதுவாங்க. உறுதி இருந்தாத்தான பேங்குல கடன் குடுப்பான், பேத்தி படிப்புக்கு?" என்றார். யாழ்ப்பாணத்து ஆட்கள் இன்னும் 'தோட்டக்காட்டார்' என்று இழிவாகத் தன் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சொன்னதாகவும் சொன்னார். எனக்குத் தலை குனிந்தது.

கிளம்பும்போது அவர் கேட்டார். "மலேசியாவுல உங்க தாத்தாவுக்குக் காணி இருந்துச்சாம்மா?"

இல்லை என்றேன். ரயில்வே குவார்ட்டர்ஸ்தான். பென்சன் ஆனதும் விட்டுக்கொடுக்க வேண்டும். எங்கள் குடும்பம் வெளியே வாடகை வீட்டுக்குப் போனது. பழைய குவார்ட்டர்ஸ் வரிசைகளைப் பிறகு இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே உயர்ந்த கட்டடங்கள். சொந்தமாக நிற்பது கோயில் ஒன்றுதான், அதற்கு மட்டும் அன்றே நிலம் எழுதி வாங்கியிருந்தார்கள்.

"அப்ப உங்க ஆளுங்க கெட்டிக்காரங்கதான்" என்றார் அந்த அம்மா. "நாங்களும் கோயில் நிலத்தைத்தான் மொதல்ல எழுதி வாங்கணும்னு இப்ப அலையுறோம். கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) வர்ற புதன்கிழமை போறோம்."

பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறவர்கள், இருந்தவர்கள் இதைப் படித்தால், குவார்ட்டர்ஸ் காலத்துப் படங்கள் வீட்டில் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். ஊர் திரும்பியதும் ஸ்காட் ரோட்டுக்கு ஓர் இரண்டாவது பலகை கேட்டு மனு எழுதப் போகிறேன். லிட்டில் இந்தியா பலகை அதே கம்பத்தில் இருக்கட்டும். மனுவோடு படங்களையும் வைக்க வேண்டும்.